ஐயாயிரம் பேர் இல்லாத கட்சி: பெலாரஸ் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தோழர்களுக்கு வணக்கம்.

தமிழில் எழுதும் ஒரு மடல் மின்ஸ்க் நகரில் உங்கள் மேசைக்கு வந்து சேரும் என்ற பெரிய நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். உங்களைத் தோழமைக் கட்சியாக ஏற்று, கம்யூனிஸ்ட், தொழிலாளர் கட்சிகளின் சர்வதேச மாநாடுகளில் உங்களோடு ஒரே அவையில் அமர்கிற கட்சிகளின் தொண்டர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த மாநாட்டு வரிசையில் ஒன்று 2009 நவம்பரில் புது தில்லியில்தான் கூடியது. இந்தியாவின் இரண்டு பெரிய கம்யூனிஸ்ட் கட்சிகளும் சேர்ந்து அதை நடத்தின. முன்னேற்றப் பதிப்பகம் மாஸ்கோவில் அச்சிட்டு, என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடைகளில் மலிவு விலைக்குக் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. எனவே உங்களிடம் கேள்வி கேட்கும் உரிமை ஓரளவு எனக்கும் உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கேட்க வந்தது உங்கள் நாட்டின் இன்னொரு இடதுசாரிக் கட்சியைப் பற்றி. பெலாரஸ் இடதுசாரிக் கட்சி 'நியாயமான உலகம்' என்ற பெயரில் இயங்கிவந்த அந்தச் சிறு கட்சியை, 2023ஆம் ஆண்டில் உங்கள் நாட்டின் உச்ச நீதிமன்றம் கலைத்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 14 அன்று அதிபர் அலெக்சாந்தர் லுகசென்கோ கையெழுத்திட்ட அரசியல் கட்சிகள் சட்டத் திருத்தம், இருந்த கட்சிகள் எல்லாவற்றையும் மறுபடி பதிவுசெய்துகொள்ளச் சொன்னது. முன்பு ஆயிரம் உறுப்பினர் இருந்தால் போதும் என்றிருந்த வரம்பு ஐயாயிரமாக உயர்ந்தது. ஆறு மாகாணங்களிலும் தலைநகரிலும் கிளைகள் இருக்க வேண்டும் என்றும் ஆனது. ஒரு டசனுக்கும் மேற்பட்ட கட்சிகள் இருந்த நாட்டில், அந்த ஆண்டு முடிவதற்குள் நான்கே எஞ்சின. 'பேலயா ரூஸ்' என்ற புதிய அரசுக் கட்சி, லிபரல் ஜனநாயகக் கட்சி, உழைப்பு மற்றும் நீதிக்கான குடியரசுக் கட்சி, நீங்கள். நால்வருமே அதிபரின் ஆதரவாளர்கள்.

கலைக்கப்பட்டவர்கள் யாரோ வேற்று மனிதர்களாக இருந்திருந்தால் உங்கள் மௌனத்தை நானும் ஒரு கட்சியின் தந்திரம் என்று கடந்துபோயிருப்பேன். அவர்கள் உங்கள் சொந்தத் தாய்வீட்டார். சோவியத் ஒன்றியம் கலைந்துகொண்டிருந்த 1991 டிசம்பரில் தொடங்கப்பட்டு, பின்னாளில் 'நியாயமான உலகம்' என்று பெயர் மாற்றிக்கொண்ட 'பெலாரஸ் கம்யூனிஸ்டுகளின் கட்சி'யில்தான் உங்கள் மூத்த தலைவர்கள் பலரும் இருந்தார்கள். 1995இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பதின்மூன்றாவது உச்ச சோவியத் என்ற நாடாளுமன்றத்தில் 42 இடங்களைப் பிடித்து, அந்த அவையின் மிகப் பெரிய கட்சியாக இருந்ததும் அதுவே. அதன் தலைவர் செர்கேய் கல்யாகின். அடுத்த ஆண்டே, தன் அதிகாரத்தைப் பெருக்கிக்கொள்ளவும் பதவிக் காலத்தை 2001 வரை நீட்டிக்கொள்ளவும் அலெக்சாந்தர் லுகசென்கோ ஒரு பொதுவாக்கெடுப்பை அறிவித்தார். அதன் முடிவு அரசை அரசியல் சாசனப்படிக் கட்டுப்படுத்தாது, அது ஆலோசனை அளவிலேயே நிற்கும் என்று அரசியல் சாசன நீதிமன்றம் நவம்பர் தொடக்கத்தில் சொல்லியும் கேட்கவில்லை. கல்யாகினும் அவரோடு நின்றவர்களும் அந்த வாக்கெடுப்பை எதிர்த்தார்கள். அதை ஆதரித்தவர்கள், வாக்கெடுப்புக்கு 22 நாள்கள் முன்னதாக, 1996 நவம்பர் 2 அன்று விக்தர் சிக்கின் தலைமையில் தனிக் கட்சி கண்டார்கள். அதுதான் உங்கள் கட்சி.

ஆக, உங்கள் பிறந்த நாளுக்கும், அந்த வாக்கெடுப்பைத் தொடர்ந்து அந்த நாடாளுமன்றம் கலைக்கப்பட்ட நாளுக்கும் இடையே நான்கு வார இடைவெளிகூட இல்லை. இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி பிளவுபடுவது எங்களுக்குப் புதிதும் அல்ல. 1964இல் இங்கே நடந்த பிளவில் ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சியும் தம்பி ஒரு கட்சியுமாகப் போன கதைகளைக் கேட்டே வளர்ந்தோம். அந்தச் சண்டையில் ஒருவரை ஒருவர் ஏசாத ஏச்சு இல்லை. ஆயினும் மற்றவரின் கட்சியைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதை ஓர் அரசு அமைச்சகம் செய்துகொடுக்கும் வசதி இருவருக்குமே வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு. அது வேறு கதை.

உங்கள் நாட்டில் அந்த வசதி படிப்படியாக வந்தது. 2006இல் எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளர் அலெக்சாந்தர் மிலிங்கேவிச்சின் தேர்தல் பணிக்குழுவுக்குக் கல்யாகின் தலைமை ஏற்றார். அந்தக் கோடையில் இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளையும் இணைப்பதாக ஒரு மாநாடு கூட்டப்பட்டது. கல்யாகின் தரப்போ, எங்கள் கட்சியின் பெயரால் வேறு யாரோ கூடியிருக்கிறார்கள் என்று அதை மறுத்தது. மறுவருடம் ஆகஸ்டில் நீதி அமைச்சகத்தின் மனுவை ஏற்று உச்ச நீதிமன்றம் அக்கட்சியின் செயல்பாட்டை ஆறு மாதம் நிறுத்திவைத்தது. 2009இல் அவர்கள் கம்யூனிஸ்ட் என்ற சொல்லையே பெயரிலிருந்து எடுத்துவிட்டு 'நியாயமான உலகம்' ஆனார்கள். அந்தப் பெயர் மாற்றத்தில் எனக்கு வருத்தமே. ஆனால் அந்தச் சொல்லை யார் வைத்துக்கொள்வது என்ற போட்டியில், அரசு எவர் பக்கம் நிற்கிறதோ அவர்தான் வெல்வார் என்று தெரிந்துபோன பிறகு ஒரு சிறு கட்சி வேறு என்ன செய்யும்? தங்கள் பத்திரிகையின் பெயரை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. 'தவாரிஷ்' என்பது அதன் பெயர். தமிழில் 'தோழர்'.

அவர்களிடம் எனக்கும் கருத்து வேறுபாடுகள் உண்டு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொதுத்துறையை விற்றுவிட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிற சந்தைவாதிகளோடு ஒரே மேடையில் நின்றதை நான் ஏற்கவில்லை. நேர்மையான தேர்தல் என்ற ஒற்றைக் கோரிக்கைக்காக அவர்கள் செய்துகொண்ட கூட்டணிகளில் தொழிலாளியின் குரல் பல சமயம் கரைந்துபோனது. 2015 அதிபர் தேர்தலில் நிற்க முயன்ற கல்யாகினால், அதற்குத் தேவையான 1,00,000 கையெழுத்துகளைத் திரட்ட முடியவில்லை. சிறிய கட்சி, பலவீனமான கட்சி, சில முடிவுகளில் தவறிய கட்சி என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் தவறிய கட்சியைத் தோற்கடிக்கும் வேலை வாக்காளருடையது.

இப்போது உங்கள் நகரத்தின் ஒரு வீட்டுக்கு வருகிறேன். மின்ஸ்கின் சுதந்திர நெடுஞ்சாலையில், ஸ்விஸ்லச் ஆற்றங்கரைக்கு அருகில், பச்சை வண்ணம் பூசிய ஒரு மரவீடு அருங்காட்சியகமாக நிற்கிறது. பழைய வீடு போரில் அழிந்தது; பிறகு அதே வடிவில் மீண்டும் கட்டினார்கள். 1898 மார்ச்சில் ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் முதல் மாநாடு நடந்த வீடு அது. பின்னாளில் போல்ஷிவிக்குகளும் மென்ஷிவிக்குகளும் பிரிந்தது அந்தக் கட்சியிலிருந்துதான் என்பதால், உலகின் கம்யூனிஸ்ட் கட்சிகள் எல்லாவற்றுக்குமே அந்த வீடு ஒரு வகையில் பூர்விக வீடு. ருமியான்செவ் என்ற ரயில்வே ஊழியர் குடியிருந்த வீடு. வந்தவர்கள் ஒன்பதே பேர். அக்கம்பக்கத்தார் கேட்டால், வீட்டுக்காரரின் மனைவிக்குப் பெயர்நாள் (அவர் பெயரைக் கொண்ட புனிதரின் திருநாள்) விருந்து என்று சொல்லிவைத்திருந்தார்கள். காவலர்கள் வந்துவிட்டால் காகிதங்களை எரித்துவிட வேண்டுமே என்று பக்கத்து அறையில் அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. மூன்று நாள் பேசினார்கள். மூன்று பேர் கொண்ட மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் அந்த ஒன்பது பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். லெனின் அப்போது சைபீரியாவில் நாடுகடத்தப்பட்டிருந்தார். கட்சியின் அறிக்கையை எழுதிக்கொடுத்த பியோத்தர் ஸ்த்ரூவே பின்னாளில் தாராளவாதியாகிப் புரட்சியையே எதிர்த்தார் என்பது வரலாற்றின் குறும்பு.

அந்த ஒன்பது பேர் இன்று அதே வீட்டில் கூடினால் உங்கள் சட்டம் அவர்களை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்த்தீர்களா? ஐயாயிரத்துக்கு அவர்களிடம் 4,991 பேர் குறைவு. அவர்கள் கட்சி பதிவாகாது. பதிவாகாத அமைப்பின் பெயரால் செயல்பட்டால், குற்றவியல் சட்டத்தின் 193ஆம் பிரிவின் முதலாம் உட்பிரிவு இருக்கிறது. 2019இல் நீக்கிவிட்டு, 2022 ஜனவரியில் மறுபடி உயிர்கொடுக்கப்பட்ட பிரிவு அது. பதிவு மறுக்கப்பட்ட, கலைக்கப்பட்ட அமைப்புகளின் பெயரால் இயங்குவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. கலைக்கப்பட்ட 'நியாயமான உலகம்' கட்சியின் பழைய உறுப்பினர் நால்வர், ஒருவர் வீட்டுச் சமையலறையில் தேநீர் குடித்தபடி கட்சியின் பெயரில் ஒரு துண்டறிக்கை எழுதினால் அது இந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். 1898இன் அந்த அடுப்பு அவர்களுக்கும் தேவைப்படும்.

மின்ஸ்கின் அரசு மாளிகை முன்னால் லெனின் சிலை நிற்கிறது. மனீசர் என்ற சிற்பி வடித்து 1933இல் நிறுவியதை நாஜிகள் அழித்தார்கள். போர் முடிந்ததும் உங்கள் மக்கள் அதை மீண்டும் எழுப்பினார்கள். நவம்பர் 7 உங்கள் நாட்டில் இன்றும் விடுமுறை நாள். மார்க்ஸ் பெயரில் தெரு இருக்கிறது. பழைய ஒன்றியத்தின் வேறு பல நாடுகளில் இவையெல்லாம் பெயர்த்தெறியப்பட்டபோது பெலாரஸில் நிலைத்திருப்பதைப் பார்த்து எங்கள் ஊர்த் தோழர்கள் மகிழ்கிறார்கள். மகிழ்ச்சியில் தவறில்லை. ஆனால் சிலையை விட்டுவைத்த அரசே கட்சியைக் கலைத்தது என்பதை நான் சொன்னால் அவர்கள் வியக்கிறார்கள். பலருக்கு அந்தச் செய்தியே வந்து சேரவில்லை. வரவேண்டிய வழி நீங்கள்தான்.

உக்ரைனில் 2015ஆம் ஆண்டின் கம்யூனிச நீக்கச் சட்டங்களைக் கொண்டு அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை வந்தபோது, உலகெங்கும் கம்யூனிஸ்ட் கட்சிகள் கண்டித்தன. 2022 மார்ச்சில் அங்கே பதினொரு கட்சிகளின் செயல்பாடு நிறுத்தப்பட்டது. அவற்றில் இடதுசாரிப் பெயர் தாங்கியவையும் இருந்தன. அதையும் கண்டித்தார்கள். சரியான கண்டனம். கட்சியை மூடும் அதிகாரம் அரசின் கையில் இருக்கக்கூடாது என்பது கீவ் நகரத்துக்குப் பொருந்தும் நியாயம் என்றால், அங்கிருந்து சில நூறு கிலோமீட்டர் வடக்கே வந்ததும் அது எப்படிப் பொருந்தாமல் போகும்? 2023 சட்டம் நிறைவேறிய அவையில் உங்களுக்கு 11 உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, எங்களிலிருந்து பிரிந்தவர்களானாலும் அவர்களும் இடதுசாரிகளே என்று ஒரு வாக்கியம் பேசியதாக நான் எங்கும் படிக்கவில்லை.

இது கட்சிகளோடு நிற்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். இங்கே எங்கள் வயல்களில் உழவர் அள்ளி வீசும் பொட்டாஷ் உரத்தைப் பார்த்திருக்கிறேன். சாக்கைப் பிரித்தால் செங்கல் பொடி நிறத்தில் பரல் பரலாக இருக்கும். ஈரக் கையோடு அள்ளினால் உள்ளங்கையில் சிவப்புக் கறை ஒட்டும். இந்தியா பல ஆண்டுகளாக உங்கள் நாட்டிலிருந்து வாங்கிவந்த சரக்குகளில் பொட்டாஷ் முக்கியமானது. அதைத் தோண்டியெடுப்பவர்கள் சாலிகோர்ஸ்க் சுரங்கத் தொழிலாளர்கள். லுகசென்கோ மீண்டும் வென்றதாக அறிவிக்கப்பட்ட 2020 ஆகஸ்ட் அதிபர் தேர்தலுக்குப் பின் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒரு தொழிலாளி மேலே ஏறி வர மறுத்து, நிலத்தடியில் தன்னைத்தானே விலங்கிட்டுக்கொண்டார். அதே ஆகஸ்ட் 17 அன்று மின்ஸ்க் சக்கர டிராக்டர் ஆலைக்கு வந்த அதிபரை நோக்கித் தொழிலாளர்கள், பதவியை விட்டுப் போ என்று முகத்துக்கு நேராகக் கூவினார்கள். பெருந்தொழிற்சாலைத் தொழிலாளி ஆட்சியாளரை எதிர்த்து ஆலைக்குள்ளேயே குரலெழுப்பும் காட்சி, எங்கள் தலைமுறை புத்தகங்களில் மட்டும் படித்த காட்சி. அந்த நேரத்தில் ஒரு கம்யூனிஸ்ட் கட்சி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்லித்தரும் தகுதி எனக்கில்லை.

அதன் பிறகு நடந்தவை ஆவணத்தில் உள்ளன. 2022 ஏப்ரலில் சுயேச்சைத் தொழிற்சங்கத் தலைவர்கள் கைதானார்கள். ஜூலையில் ஜனநாயகத் தொழிற்சங்கங்களின் காங்கிரஸ் என்ற கூட்டமைப்பையும் அதன் உறுப்புச் சங்கங்களையும் உச்ச நீதிமன்றம் கலைத்தது. அதன் தலைவர் அலெக்சாந்தர் யாரஷுக் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆட்சிக் குழுவில் இருந்தவர். அவருக்கு டிசம்பரில் நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2023 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, தன் விசாரணைப் பரிந்துரைகளைச் செயல்படுத்தாத நாட்டின்மீது நடவடிக்கை எடுக்க இடமளிக்கும் தன் சாசனத்தின் 33ஆவது பிரிவைப் பெலாரஸ்மீது பயன்படுத்தியது. அமைப்பின் நூறாண்டு கடந்த வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒருமுறை, மியான்மரின் கட்டாய உழைப்பு விவகாரத்தில், அந்தப் பிரிவு எடுக்கப்பட்டிருந்தது. தொழிலாளர் கட்சி என்று சொல்லிக்கொள்ளும் நீங்கள் இயங்கும் நாடு மியான்மர் ராணுவத்தின் வரிசையில் இரண்டாவதாக வந்து நிற்கிறது.

1999இன் 29ஆம் ஆணை முதல் உங்கள் தொழிலாளர்கள் ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரையான குறுகிய கால ஒப்பந்தங்களில் வேலை செய்கிறார்கள். வாய் திறந்தவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டாலே போதும், பணிநீக்கம் என்ற பெயர்கூட வேண்டாம். 2015இன் 3ஆம் ஆணை, ஆண்டுக்கு 183 நாள் வேலை செய்யாதவர் அரசுக்குப் பணம் கட்ட வேண்டும் என்றது. வேலை கிடைக்காதவனுக்கு வரி. 2017இன் தொடக்கத்தில் மக்கள் பல நகரங்களில் தெருவுக்கு வந்த பிறகே அதை மாற்றினார்கள். இந்த இரண்டு ஆணைகளும் வேறு எந்த நாட்டிலாவது வந்திருந்தால் அங்குள்ள கம்யூனிஸ்ட் கட்சி முதல் ஆளாகத் தெருவில் நின்றிருக்கும்.

உங்கள் பதிலை நான் ஊகிக்க முடியும். போலந்தும் லித்துவேனியாவும் எல்லையில் நிற்கின்றன. மேற்கு நாடுகளின் பொருளாதாரத் தடைகள் நாட்டை இறுக்குகின்றன. ஆலைகள் இன்னும் அரசின் கையில், கல்வியும் மருத்துவமும் இன்னும் மக்களின் கையில். இதைக் காக்கும் அரசைப் பலவீனப்படுத்தலாகாது. இதில் பாதி உண்மை என்று ஏற்கிறேன். தொண்ணூறுகளில் ரஷ்யாவிலும் உக்ரைனிலும் ஆலைகள் சிலரின் சொத்தாக மாறிய கொள்ளை உங்களிடம் அதே அளவில் நடக்கவில்லை. ஆனால் அந்த ஆலைகளில் வேலை செய்பவருக்குச் சங்கம் வைக்க உரிமை இல்லையென்றால், அவை அரசின் கையில் இருக்கின்றன என்பதற்கு அவரிடம் என்ன பொருள்? உங்கள் செல்வாக்கையும் இந்தப் பணிவு வளர்க்கவில்லை. 2019இல் 11 இடம். 2024இல் 110 பேர் அவையில் 7 இடம். 2025 ஜனவரி அதிபர் தேர்தலில் உங்கள் வேட்பாளர் செர்கேய் சிரான்கோவ், லுகசென்கோவுக்குப் பதிலாக அல்ல, அவரோடு சேர்ந்துதான் போட்டியிடுகிறேன் என்று சொல்லியே வாக்குக் கேட்டார். அறிவிக்கப்பட்ட கணக்கில் அவருக்கு 3 சதவீதத்துக்குச் சற்று மேல். அதிபருக்கு 86 சதவீதத்துக்கு மேல். எதிராளிக்காக வாக்குச் சேகரிக்கும் வேட்பாளரை எங்கள் ஊரில் டம்மி என்பார்கள். கடுமையான சொல்தான், ஆனால் இதற்கு வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. ஆட்சியை எதிர்த்துக் கிளம்புங்கள் என்று பாதுகாப்பான தொலைவில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்னால் அது நாணயமாகாது. அங்கே அதற்கு என்ன விலை என்பது ஓரளவு எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் சட்டப்படி இயங்கும் கட்சி. அவையில் உங்களுக்கு ஏழு பேர் இருக்கிறார்கள். 193ஆம் பிரிவின் அந்த உட்பிரிவை நீக்கவும், கட்சிப் பதிவுக்கான வரம்பைப் பழையபடி ஆயிரத்துக்குக் குறைக்கவும் ஒரு மசோதாவை அவர்கள் முன்வைக்கலாம். அது தோற்கும். தோற்றாலும் அவைக் குறிப்பில் நிற்கும். சிறையிலிருக்கும் தொழிற்சங்கத்தினரின் பெயர்களை உங்கள் பத்திரிகையில் ஒருமுறை அச்சிடலாம். அடுத்த சர்வதேச மாநாட்டில் உங்கள் பிரதிநிதி பேச எழும்போது, 'நியாயமான உலகம்' என்றொரு கட்சி எங்கள் நாட்டில் இருந்தது, அதை 2023இல் கலைத்துவிட்டார்கள், நாங்கள் அதற்கு உடன்படவில்லை என்று மூன்று வரி சேர்த்துக்கொள்ளலாம். அந்த மூன்று வரி வந்தால் அதைத் தமிழில் பெயர்த்து இங்குள்ள தோழர்களிடம் சேர்க்கும் பொறுப்பு என்னுடையது.

வரவில்லையென்றால், உங்களோடு ஒரே அவையில் அமரும் எங்கள் ஊர்க் கட்சிகளின் மாநிலக் குழுக்களிடம் இந்தக் கேள்வியைக் கொண்டுபோவேன். அவர்களுக்கு எழுதும் மடலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

தோழமையுடன்,
காவிரிக் கரையிலிருந்து ஒரு பழைய வாசகன்